செல்வகுமாரோட வலி கெங்கம்மாளுக்கு

என் பேரு அழகேசன், வயசு இருபத்திமூணு, துறையூர்லேந்து வந்து இப்ப பூந்தமல்லி பக்கம் பாரிவாக்கத்துல மாடி ரூம்ல இருக்கேன். கீழ் வீட்டு செல்வகுமாருக்கு அடிபட்டா வலி அவங்க அம்மா கெங்கம்மாளுக்குத்தான் வரும், ரெண்டு வருஷமா அப்படித்தான். வடிவு அக்கா, நம்ம அம்மா தோள்பட்ட வலிக்குதுன்னு சொல்லுச்சுல்ல, அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு சொல்லத்தான் போன்ல பேசப் பேச அதுவே எழுதறாப்ல வச்சு அனுப்பறேன். எழுத்துல தப்பு இருந்தா விட்டுடு.

செல்வகுமாரும் நானும் வேலப்பன்சாவடில ஒரு குடோன்ல லோடு தூக்கறோம். ஒரு நாள் வாஷிங் மிஷின் இறக்கும்போது அவனுக்கு இடுப்பு புடிச்சுக்கிச்சு. கூட வேலை செய்யறவன் வலி மாத்திரை ஒண்ணு குடுத்தான், டாக்டர் சீட்டு இல்லாம மறைச்சு விக்கறது. போட்டுட்டு செல்வகுமார் விசிலடிச்சுகிட்டே மிச்ச லோட இறக்கினான். அதே நேரத்துல நூம்பல்ல அப்பார்ட்மென்ட் மாடிப்படி தொடைச்சிட்டிருந்த கெங்கம்மா இடுப்பப் புடிச்சுகிட்டு மூணாவது படியில உக்காந்தாங்க, எழுந்திருக்க ஒரு மணி நேரம் ஆச்சு.

மாத்திர போடறான்னா இங்க ரெண்டு அர்த்தம். பசங்க சொன்னா போதைக்கு, அம்மாங்க காதுல விழுந்தா ஒடம்புக்கு. ஒரு மாசம் கழிச்சு கெங்கம்மா என்னை நிறுத்தி, "இன்னா நைனா, எம்புள்ள கண்ணே ஒரு மாறி கீது, இன்னா பண்றான்?"னு கேட்டாங்க. காட்டிக் குடுக்கவும் பயம், பொய் சொல்லவும் பயம். "மாத்திர போடறான்மா"ன்னேன். அவங்களுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "போடட்டும் நைனா, இவ்ளோ நாள் ஒடம்பப் பாத்துக்காம கெடந்தான். வெறும் வயித்துல மட்டும் போட வேணாம்னு சொல்லு." மறுநாள்லேந்து தினம் கஞ்சி வச்சு, சொம்புல தண்ணி வச்சு, அவன் வண்டி எடுக்கறப்ப கேட்டுலேந்து கத்துவாங்க, "கொமாரு, மாத்திர போட்டியாடா?" "போட்டேம்மா!" தெருப்பசங்க வாயப் பொத்திகிட்டு சிரிப்பாங்க. நானும் சிரிச்சேன் அக்கா.

ஒண்ணு நாலாச்சு, நாலு பத்தாச்சு, அப்புறம் ஊசியாச்சு. அவன் கையில குத்தினா கெங்கம்மா கையில நீலமா புள்ளி விழும். அவனுக்குப் பல்லு சொத்தையாச்சு, கெங்கம்மாளுக்குக் கன்னம் வீங்கிச்சு, பல் டாக்டர் அவங்களோட நல்ல பல்ல புடுங்கிட்டாரு. மழையில வண்டி சறுக்கி அவன் கணுக்கால் ஒடஞ்சப்ப அவன் நடந்தே டீக்கடைக்குப் போனான், இவங்கள ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. எக்ஸ்ரேல ஒண்ணுமே இல்ல. நாளாக நாளாக தெருவுக்கே பழகிப்போச்சு. கெங்கம்மா திடீர்னு தலையப் புடிச்சா, "அண்ணாத்தே, கொமாரு எங்கியோ வுழுந்துட்டான் போல, ஏரிப்பக்கம் பாத்துட்டு வா"ன்னு ஆள் அனுப்புவாங்க. அங்கதான் விழுந்து கிடப்பான். அவன்கிட்ட கேட்டா, "அம்மாக்கு வயசாச்சு மச்சான், மூட்டு வலி யாருக்குத்தான் இல்ல"ம்பான்.

அவன் தங்கச்சி சுவேதாதான் அந்த மாத்திரை எந்த மாத்திரைன்னு கண்டுபுடிச்சு, சண்டை போட்டு, மறுவாழ்வு மையத்துல சேத்தா. நிறுத்தினா ஒடம்ப முறுக்கும்னு அங்க சொல்லி அனுப்பினாங்க. முறுக்கிச்சு. அங்க அவன் நிம்மதியா தூங்கினான், இங்க கெங்கம்மா துண்டக் கடிச்சுகிட்டு ஒம்பது நாள் தரையில உருண்டாங்க. அவன் போன் பண்ணி எப்படி இருக்கன்னு கேட்டப்ப துண்ட எடுத்துட்டு, "எனக்கு இன்னாடா, கல்லு மாறி கீறேன்"னாங்க. அவன்கிட்ட உண்மைய சொல்லிடும்மான்னு சுவேதா அழுதா. "வாய மூடு. தெரிஞ்சா ஓடியாந்துடுவான்."

பத்தாவது நாள் மருந்தெல்லாம் ஒடம்ப விட்டு எறங்கிடுச்சு, வலி உரியவன்கிட்ட திரும்பிப் போச்சு. ரெண்டு வருஷத்துல முதல் தடவையா கெங்கம்மா மத்தியானத்துல தூங்கினாங்க. செல்வகுமாருக்கு இடுப்பு, பல்லு, கணுக்கால் எல்லாம் ஒண்ணா வந்துச்சு. மையத்துச் செவுரு ஏறிக் குதிச்சு நேரா என் ரூமுக்கு வந்தான். "வலிக்குதுடா மாமே, இவ்ளோ வலிக்கும்னு எவனும் சொல்லல"ன்னான். "ஒங்கம்மாவ போய்க் கேளு"ன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். அன்னைக்கே அவன் மறுபடி மாத்திர போட்டுட்டான். சாயந்திரம் கீழ கெங்கம்மா எழுந்து உக்காந்து காலப் புடிச்சுகிட்டு முனகற சத்தம் கேட்டுச்சு. இப்பவும் நொண்டிகிட்டே வேலைக்குப் போறாங்க. கஞ்சி வைக்கறது மட்டும் நின்னுடுச்சு.

இனிமே சொல்றது என்னைப் பத்தி. போன மாசம் ப்ரிட்ஜ் தூக்கறப்ப எனக்கு வலது தோள்பட்ட புடிச்சுக்கிச்சு. லீவு போட்டா வேற ஆள் வச்சுடுவாங்க. "ஒண்ணே ஒண்ணு போடு மச்சான், பூ மாறி ஆயிடும்"னான் செல்வகுமார். எல்லாத்தையும் கண்ணால பாத்தும் போட்டேன். பூ மாதிரிதான் இருந்துச்சு. மறுநாள் அம்மா போன்ல, வலது கைய தூக்கித் தல சீவ முடியலடா, நான் எதையும் தூக்கலயேன்னுச்சு. அதுக்கப்புறம் இன்னும் மூணு போட்டுட்டேன்.

நேத்து கேட்டப்ப அம்மா, எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கேன்னு சொல்லுது. அந்தக் குரல் எனக்குத் தெரியும். அக்கா, இல்ல வீட்டுல இத வேற யாரு படிச்சாலும் சரி, அம்மா பக்கத்துல உக்காந்து எங்கெங்க வலிக்குதுன்னு கேட்டு எனக்குத் தினம் போன் பண்ணி சொல்லுங்க. அம்மா சொல்லாதன்னு சொன்னாலும் சொல்லுங்க.