நாலாம் பக்கத்து வரி

புள்ளியியல் ஆசிரியை சேர்க்கைப் பட்டியலை மறுபடியும் எண்ணிப் பார்த்தாள். அவளுடைய விருப்பப் பாடத்தில் வெள்ளிக்கிழமைக்குள் இருபது பேர் சேராவிட்டால் பாடத்தையே இழுத்து மூடிவிடுவார்கள். இதுவரை சேர்ந்தது ஆறு பேர்.

காரணத்தைத் தம்பிதான் போட்டு உடைத்தான். அவள் எழுதிய பதினோரு பக்கப் பாடத்திட்டத்தை சோபாவில் மல்லாந்து படித்தவன், "அக்கா, இது பாடத்திட்டமா, வாடகை ஒப்பந்தமா? முப்பத்தொரு 'கூடாது' இருக்கு, எண்ணிட்டேன். என்ன கத்துக்கப் போறோம்னு ஒரு வரி இல்லையே!" என்றான்.

அவளுக்குச் சுருக்கென்றது. போயும் போயும் இவன் வாயால் கேட்க வேண்டியிருக்கிறதே என்று எரிச்சல் வேறு. ஆனாலும் உட்கார்ந்து நாலே பக்கத்தில் புதிதாக எழுதினாள். வாரத்துக்கு ஒரு கேள்வி. நாம் நிற்கிற வரிசை மட்டும் ஏன் நகர மாட்டேன் என்கிறது? வராத பஸ், வரும்போது மட்டும் ஏன் மூன்றாகச் சேர்ந்து வருகிறது? ஒன்பதாம் வாரம்: ஒரே பாட்டுக்கு ஆளுக்கொரு மதிப்பெண் ஏன்?

இதற்குத் துறைத்தலைவரின் ஒப்புதல் வேண்டும். அவருக்குப் பட்டப்பெயர் 'முத்திரை'. எந்தத் தாளை நீட்டினாலும் "வரிக்கு வரி படிச்சேன்" என்று சொல்லி டக்கென்று குத்திவிடுவார். படித்ததை யாரும் கண்ணால் கண்டதில்லை. அவளுக்குக் குறும்பு தலைதூக்கியது. நாலாம் பக்கத்தில், ஒன்பதாம் வாரத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்தாள்: 'துறைத்தலைவர் பாடுவார்.' மாட்டிக்கொண்டால், 'பாடம் நடத்துவார்' என்று அடிக்கப் போய் நடுவில் எழுத்துகள் விட்டுப்போய்விட்டன என்று சமாளித்துக்கொள்ளலாம்.

"வரிக்கு வரி படிச்சேம்மா. பிரமாதம்!" என்று அவர் குத்தினார்.

மாணவர்கள் நிஜமாகவே படித்தார்கள். வெள்ளி மாலைக்குள் ஐம்பத்தேழு பேர் சேர்ந்தார்கள்.

ஒன்பதாம் வாரம் முத்திரை அவள் அறைக்குள் மூச்சிரைக்க நுழைந்தார். "என்னம்மா நடக்குது? வழியில பாக்குறவன் எல்லாம் வெந்நீர் குடிங்க சார்ங்கறான்!"

"நாலாம் பக்கம் சார். நீங்கதான் வரிக்கு வரி படிச்சீங்களே."

அவர் மேசையிலிருந்த பாடத்திட்டத்தில் நாலாம் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். படிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டால் இருபது வருடப் பெயர் கெட்டுவிடும். அதற்குப் பாடிவிடுவதே மேல் என்று வகுப்புக்குப் போய் நின்றார்.

குரல் எண்ணெய் காணாத கேட் போலக் கிறீச்சிட்டது. கேட்டவர்கள் சீட்டில் மதிப்பெண் எழுதிக் கொடுத்தார்கள். சராசரி, பத்துக்கு இரண்டு. ஒரே ஒரு சீட்டில் மட்டும் பத்து இருந்தது. "இது யாரு?" என்று ஆசிரியை கேட்க, முத்திரை கூச்சமே இல்லாமல் கையைத் தூக்கினார். வகுப்பு சிரிப்பில் அதிர்ந்தது. ஒரே பாட்டுக்கு ஆளுக்கொரு மதிப்பெண் ஏன் என்று அன்று யாருக்கும் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் அவர் அவளைக் கூப்பிட்டு, "உன் பாடத்தை நிரந்தரமாக்கிட்டேன். திருத்தின பாடத்திட்டம் இது. படிச்சுப் பாத்து ஒரு கையெழுத்துப் போடும்மா" என்றார்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க பாத்தா போதாதா சார்!" என்று அங்கேயே கையெழுத்துப் போட்டாள்.

மதியம் அறிவிப்புப் பலகை முன்னால் ஒரே கூட்டம். ஒரு மாணவி அவளைப் பார்த்ததும் ஓடிவந்தாள். "மேடம், சலங்கை கட்டிக்குவீங்களா, சும்மாவா?"

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் நாலாம் பக்கத்தைப் பார்த்தாள். 'பத்தாம் வாரம்: ஆசிரியை ஆடுவார்.' அதன் கீழே அவள் கையெழுத்து, சுழியெல்லாம் சுத்தமாக இருந்தது.