டேங்க் மூடியில ஒரு சின்னத் திருகு

என் மாப்பிள்ளைக்கு வேலையே பறக்கக் கத்துக்குடுக்கறதுதான். முதுகுல இன்ஜினும் காத்தாடியும் மாட்டிக்கிட்டு, பின்னால பெரிய துணி இறக்கைய இழுத்துக்கிட்டு ஓடியே மேல ஏறணும். அன்னிக்கு என் பொண்ணு முதல் தடவையா தனியா ஏறப் போறா. புருஷனே வாத்தியார். வேடிக்கை பாக்க மத்த மாணவர்களும் நானும்.

ஓடினா. இறக்கை தலைக்கு மேல அழகா நின்னுச்சு. கால் தரைய விடற நேரம் பாத்து இன்ஜின் இருமுச்சு. சட்டுனு அணைச்சுட்டு, இறக்கைய கீழ இழுத்து, தொப்புனு உக்காந்துட்டா.

"என்னம்மா, மாவு மூட்டையாட்டம் உக்காந்துட்ட?" மாப்பிள்ளை கத்தினார். எல்லாரும் சிரிச்சாங்க. பெத்தவ, எனக்கும் சிரிப்பு வந்து தொலைச்சுது.

"இன்ஜின் சத்தம் சரியில்லங்க."

"சத்தம் சரிதான், உனக்குத்தான் பயம். இன்னும் நாலு எட்டு வெச்சிருந்தா ஏறியிருக்கும். கழட்டு, நான் காட்டறேன்."

அவ முகம் சுண்டிப்போச்சு. கழட்டிக் குடுத்தா.

மாப்பிள்ளை ஓடினார், ஏறினார். கூரை உயரம் போனதும் அதே இருமல். அப்புறம் சத்தமே இல்ல. எப்படியோ மிதந்து வந்து வாய்க்கால் சேத்துல விழுந்தார். ஆளுக்கு ஒண்ணுமில்ல, காத்தாடிதான் ரெண்டு துண்டு. இந்தத் தடவை யாரும் சிரிக்கல.

முதல்ல இறங்கிப் போனது என் பொண்ணுதான். அவர் முதுகுல இன்ஜினக் கட்டியிருந்த வாரக் கழட்டிவிட்டா. டேங்க் மூடியத் தொட்டுப் பாத்தா, அதுல இருந்த சின்னத் திருகத் திருப்பினா. உஸ்ஸுனு காத்து உள்ள போச்சு. வண்டியில வர்றப்ப பெட்ரோல் சிந்தக் கூடாதுன்னு அத இறுக்கி வைப்பாங்க. தொறக்கலேன்னா டேங்க்குக்குள்ள காத்து போகாது, பெட்ரோலும் இறங்காது. காலையில இறுக்கினவர் மாப்பிள்ளை. "தொறக்கறத நான் பாத்துக்கறேன்"னு சொன்னவரும் அவரேதான்.

அவர ஒரு தடவை நிமிர்ந்து பாத்துட்டு, உடைஞ்ச காத்தாடியப் பொறுக்கப் போயிட்டா. அதுதான் அவரக் கொன்னுடுச்சு.

வண்டிக்குப் பின்னால, சேறு சொட்டச் சொட்ட, என்கிட்ட வந்தார். தலை நிமிரல.

"அத்தை, அவகிட்ட நீங்களே கொஞ்சம் சொல்லிடுங்களேன்."

"திட்டினது ஊருக்கு முன்னாடி, மன்னிப்பு மட்டும் மாமியார் வழியாவா மாப்பிள்ளை?"

காது வரைக்கும் சிவந்துபோய் நின்னார். அப்புறம் மாணவர்களக் கூப்பிட்டார்.

"அவ நிறுத்தினதுதான் சரி. திருகத் தொறக்காதது நான். சத்தம் சரிதான்னு சாதிச்சதும் நான்."

என் பொண்ணு கைச் சேத்தத் துடைச்சுக்கிட்டே சொன்னா: "புதுக் காத்தாடி வரட்டும். அன்னிக்குத் திருகு என் பொறுப்பு. நீங்க தள்ளி நில்லுங்க."

"சரிம்மா"ன்னார்.