ஈசானிய மூலைத் தூண்

மாசிப் பனி விடைபெற மனமின்றித் தயங்கிக் கொண்டிருந்த காலம். விடியலில் வயல்வெளியெங்கும் வெண்துகில் போர்த்திக் கிடக்கும். கதிரவன் ஒரு பனை உயரம் ஏறுமுன் அத்துகில் அவிழ்ந்து, வெம்மை மெல்ல முகம் காட்டும். கொள்ளிடம் தன் அகன்ற மணல்மேனியின் ஒரு மருங்கில் மட்டும் நீரை ஏந்தி, ஓசை அடங்கி நடக்கும். அறுவடை முடிந்த தாள்களிடையே கொக்குகள் தவமிருப்பனபோல் நிற்கும். போவதற்கும் வருவதற்கும் நடுவே காலமே கைகூப்பி நிற்பதுபோன்ற அந்நாட்களில்தான், திருமழபாடியிலிருந்து மூன்று கான்கிரீட் கியூப்கள் ஈரச் சாக்கில் பொதியப்பட்டு அரியலூருக்கு வந்து சேர்ந்தன.

சிமென்ட் லாரிகள் ஓயாது செல்லும் சாலையோரத்தில் இருந்தது அம்பிகாவின் பரிசோதனைக்கூடம். சுண்ணாம்புத் தூசி படிந்து அதன் சன்னல் கம்பிகள் எப்போதும் திருநீறு பூசியவைபோல் வெளுத்திருக்கும். நந்தி கல்யாணத்துக்கு வரும் அடியார்கள் தங்குவதற்காக ஊரார் கூடிக் கட்டும் மண்டபத்தின் தூண்களுக்கு வார்த்த கலவையிலிருந்து, வலிமை சோதிக்க எடுத்த கட்டிகள் அவை. கட்டுபவன் குருநாதன், பெரம்பலூர்க் கல்லூரியில் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். ஆகையால் அவள் தானே அவற்றைத் துடைத்து, எடைபோட்டு, அழுத்தும் எந்திரத்தின் இரும்புத் தட்டுகளுக்கிடையே ஏற்றினாள்.

முள் சிறிதே ஏறியது. அதற்குள் முதற்கட்டி பழுத்த பூசணிபோல் ஓசையின்றிச் சரிந்தது. அடுத்த இரண்டும் அப்படியே. வார்த்த ஏழாம் நாளில் முழுவலிமையில் மூன்றில் இரண்டு பங்காவது வந்திருக்க வேண்டும். இவை அதில் பாதிகூடத் தேறவில்லை.

அவள் குருநாதனுக்குப் போன் செய்து சொன்னாள்.

"சிமென்ட்ட குறைச்சுட்டேன்னு சொல்லிருவாங்க அம்பிகா," என்றான் குருநாதன். "கோயில் வேலைல திருடிட்டான்னு பேர் வந்துட்டா, அப்புறம் இந்தத் தாலுக்காவுல ஒரு மாட்டுக்கொட்டகை கட்டக்கூட என்னைய கூப்பிட மாட்டாங்க. மாத்தி எழுதிக் குடுன்னு உன்ன கேக்கல. கேக்கவும் மாட்டேன்."

"கேட்டாலும் எழுத மாட்டேன் குரு."

"தெரியும். அதுக்குத்தான உன்கிட்ட அனுப்பினேன்."

வந்த முடிவை வந்தபடியே எழுதிக் கையொப்பமிட்டாள் அம்பிகா. ஆனால் மனம் ஆறவில்லை. தளத்தில் சுவரைத் தட்டி வலிமை பார்க்கும் சுத்தியல் கருவியை எடுத்துக்கொண்டு, நண்பகலுக்கெல்லாம் திருமழபாடி சேர்ந்துவிட்டாள்.

அங்கே செய்தி அவளுக்கு முன்பே வந்திருந்தது. திருப்பணிக் குழுத் தலைவர் பஞ்சநாதன், தோள்துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, எழும்பி நின்ற தூண்களின் நடுவே நின்றார். சற்றுத் தள்ளி, குற்றம் சாட்டப்பட்டவனாகக் குருநாதன் நின்றான்.

"மேடம், நீங்களே சொல்லுங்க. ஊர்க்காரங்க உண்டியல்ல போட்டது இது. இவரு சிமென்ட்ட வேற எங்கயோ எறக்கிட்டாரு போலருக்கு. அம்புட்டையும் இடிச்சுட்டு வேற ஆள வெச்சு கட்டிக்கிறோம்."

"ஐயா, கொஞ்சம் பொறுங்க. மொதல்ல தூணப் பாக்குறேன்."

அவள் ஒவ்வொரு தூணிலும் கருவியை வைத்து அழுத்தினாள். ஒவ்வொன்றும் 'டக்' என்று தெளிந்த குரலில் மறுமொழி சொன்னது. அளவும் நன்றாகவே வந்தது. ஈசானிய மூலைத் தூண் மட்டும் தலையணையைக் குத்தியதுபோல் மங்கலாய் முனகியது. அவள் நெற்றி சுருங்கியது. ஒரே நாளில், ஒரே மூட்டைகளில், ஒரே கையால் வார்த்தவை. இதற்கு மட்டும் என்ன நேர்ந்தது?

"அச்சு எப்ப பிரிச்சீங்க குரு?"

"மத்ததெல்லாம் மறுநாளு. இதுவும் அந்த கியூபும் காயலன்னு மேஸ்திரி சொன்னாரு. மூணு நாள் கழிச்சுத்தான் பிரிச்சோம். பனி சாஸ்தின்னு நெனச்சேன். அன்னிக்கு நான் தா.பழூர் வேலைல மாட்டிக்கிட்டு லேட்டாத்தான் வந்தேன்."

அப்போது பஞ்சநாதனின் மனைவி கலியம்மாள் ஒரு பித்தளைத் தூக்கோடு வந்தாள். "வெயில்ல வந்த புள்ளைய நிக்க வெச்சு பஞ்சாயத்து பண்றியளே. மொதல்ல இதக் குடிம்மா." 

பானகம். வெல்லமும் சுக்கும் ஏலமும் நாவில் கரைந்த அந்தக் கணத்தில், அம்பிகாவின் கண்முன்னிருந்த மணலும் ஆறும் மறைந்தன. பெரம்பலூர்க் கல்லூரியின் நீண்ட ஆய்வகம் விரிந்தது. வாசலில் இரண்டு தூங்குமூஞ்சி மரங்கள். உள்ளே பாசி படர்ந்த நீர்த்தொட்டி. ஈர சிமென்ட்டின் மண்மணம். அந்த மணத்தில் தோய்ந்த மூன்று பேர். அவளும் குருவும் கலைமணியும்.

விளையாட்டு விழாவன்று எலுமிச்சைச் சர்க்கரைநீர் கலக்கிய குடத்தைக் கழுவாமல் அப்படியே எடுத்துவந்து கலவைக்குத் தண்ணீர் ஊற்றியவன் குரு. மறுநாள் அச்சைத் திறந்தால், உள்ளே கொழுக்கட்டை மாவு. "எறிஞ்சுடலாம்" என்றாள் அம்பிகா. கலைமணிதான் விடவில்லை. வாசல் மரத்தின் பெயரையே அதற்குச் சூட்டி, தொட்டியில் இறக்கிவிட்டாள். நாள்தோறும் காலையில் அதன் தலையில் விரலால் தட்டி, "எந்திரிச்சியாடா தூங்குமூஞ்சி?" என்று கேட்பாள். வகுப்பே சிரிக்கும். பருவத்தேர்வுக்கு முன் எந்திரத்தில் ஏற்றியபோது, மற்றக் கட்டிகளைவிட அதிக அழுத்தம் தாங்கிக் கடைசியாக உடைந்தது அதுதான். அன்று கலைமணி அடித்த சீழ்க்கை மூன்று வகுப்பறைகளுக்குக் கேட்டது. இப்போது அந்தக் குரல் இவ்வுலகில் இல்லை. பிள்ளைப்பேற்றோடு போய்விட்டாள் அவள். தொட்டி நீரில் ஆடிய அவள் விரல்களின் நிழல் மட்டும் இவர்களிடம் எஞ்சி நிற்கிறது.

அம்பிகா தம்ளரைக் கீழே வைத்தாள். "கான்கிரீட் போட்ட அன்னிக்கு பூஜைக்கு இதத்தான் படைச்சீங்களாம்மா?"

"இதேதான். நான்தான் கரைச்சேன். சாமிக்குக் காட்டிட்டு, மொதக் கலவைல ஒரு செம்பு ஊத்துனேன். அடித்தளம் போட்டப்ப பாலு ஊத்துனோம்ல, அதாட்டம்."

"அந்தக் கலவை எந்தத் தூணுக்குப் போச்சு?"

"ஈசானிய மூலைக்குத்தான். அங்கதான தொடங்கணும்."

"சோதனைக்கு கியூப் எடுத்தது?"

இப்போது பஞ்சநாதன் தொண்டையைச் செருமினார். "அதுவும் அதுலதான் மேடம். மேஸ்திரி நடுவுல எடுக்கலாம்னாரு. நான்தான், சாமி கும்பிட்ட கலவைல எடுங்க, பாஸாவும்னு சொன்னேன்."

குருநாதன் அம்பிகாவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். ஒரே நேரத்தில் இருவர் வாயிலும் அந்தப் பெயர் வந்தது.

"தூங்குமூஞ்சி."

பிறகு அவள் பஞ்சநாதனுக்கும் கலியம்மாளுக்கும் கல்லூரிக் கதையையும் மறைந்துபோன கலைமணியையும் சொல்லி விளக்கினாள். இனிப்பு சிமென்ட்டைக் கொல்வதில்லை, உறங்க வைக்கிறது. கொஞ்சமாகச் சேர்ந்திருந்தால் தாமதமாக விழித்துக்கொண்டு, விட்ட வலிமையை எட்டிப்பிடித்துவிடும். அளவு மிஞ்சியிருந்தால் விழிப்பே இல்லை. இது எது என்று இன்று அவளாலும் சொல்ல முடியாது. "மிச்சமிருக்க மூணு கியூபும் தண்ணிக்குள்ள இருக்குல்ல? முழு பலம் வர்ற இருபத்தெட்டாம் நாள் ஒடைச்சுப் பாப்போம். அதுவரைக்கும் தூணுக்கு ஈரச் சாக்கு காயாம பாத்துக்குங்க. அன்னிக்கும் தேறலைன்னா, இந்த ஒரு தூண இடிக்கச் சொல்லி நானே எழுதித் தரேன்."

"ஏண்டி, ஊருக்கே பானகம் குடுத்தது பத்தாதுன்னு தூணுக்கும் குடுத்தியா?" என்றார் பஞ்சநாதன்.

"உத்தரவு போட்டது யாரு? ஊத்து ஊத்துன்னு செம்ப எடுத்துக் குடுத்தது யாரு?" என்றாள் கலியம்மாள். பின் குருநாதன் பக்கம் திரும்பினாள். அவள் குரல் தணிந்தது. "தம்பி, என் கையால ஒனக்குப் பழி வந்துருச்சே."

அன்றுமுதல் வேறொருவரிடமும் விடாமல், அந்தத் தூணுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியவள் அவளே.

பங்குனி வந்தது. வேம்பு பூத்து, ஊரெங்கும் அதன் மெல்லிய மணம் நின்றது. எஞ்சிய கியூப்களோடு குருநாதன் அரியலூருக்கு வந்தபோது பஞ்சநாதனும் கலியம்மாளும் உடன் வந்தார்கள். எந்திரத்தில் ஏற்றுமுன் அம்பிகா கட்டியின் தலையில் விரலால் ஒருமுறை தட்டினாள். குருநாதன் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

முள் ஏறியது. முன்பு சரிந்த இடத்தைக் கடந்தது. தேவையான அளவைத் தொட்டது. அங்கும் நில்லாமல் இன்னும் ஏறியது. கலியம்மாள் தாலியைப் பற்றினாள். திடீரெனக் கருங்கல் பிளந்ததுபோல் ஓர் அதிர்வு. கூடத்தின் கண்ணாடிகள் நடுங்கி அடங்கின.

"எந்திரிச்சுட்டான்," என்றான் குருநாதன்.

மற்ற இரண்டும் அவ்வாறே உடைந்தன. பஞ்சநாதன் தோளிலிருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு குருநாதன் எதிரே வந்தார். "வாய் தவறிப் பேசிட்டேன் தம்பி. மனசுல வெச்சுக்காதீங்க."

"விடுங்கய்யா. கூரை போடுறப்ப பூஜைய சாமியோட நிறுத்திக்குவோம். கலவை மெஷினுக்கு வெறுந்தண்ணி போதும்."

மாலை நால்வரும் திருமழபாடி திரும்பினர். சுத்தியல் கருவியை ஈசானிய மூலைத் தூணில் வைத்தாள் அம்பிகா. அது மற்றத் தூண்களின் குரலிலேயே விடை சொன்னது. தூரத்தில் வைத்தியநாதர் கோயிலில் சாயரட்சை மணி ஒலிக்க, யாரோ ஓதுவார் பதிகம் பாடும் குரல் ஆற்றுக்காற்றில் மிதந்து வந்தது.

கலியம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்துத் திருநீற்றை நீட்டினாள். அம்பிகா அதைக் குழைத்து, நனைந்த தூணின் மீது மூன்று விரலால் ஒரு பட்டை இழுத்தாள். எஞ்சிய துளியைத் தன் நெற்றியில் இட்டபோது, தொட்டி நீருக்குள் கைவிட்டுச் சிரித்த ஒருத்தியை நினைத்துக்கொண்டாள். குருநாதன் கைகூப்பினான். ஈரம் ஏறிய திருநீறு கான்கிரீட்டில் முதலில் தெரியவில்லை. காற்றுப்பட்டு உலர உலர, மெல்ல வெளுத்துத் துலங்கியது.

கலியம்மாள் இருவர் தலையிலும் கைவைத்தாள்.

"இந்தத் தூணாட்டம் நின்னு நெலைச்சிருங்க. ஒங்க கை தொட்டதெல்லாம் உறுதியாவட்டும். உங்களோட இருந்து முன்னால போன அந்தப் புள்ளையும் மழபாடியான் நெழல்ல குளுந்து இருக்கட்டும்."