ஆறாவது ஸ்டட்

காலையிலிருந்து பனி விழுந்துகொண்டே இருந்தது. ஹோரியுச்சி மாமா பட்டறையின் இரும்புக் கதவைப் பாதி இறக்கிவிட்டிருந்ததால், வெளியுலகம் முழங்கால் உயரத்துக்கு மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுமுறை. அக்காவுக்கு இடத்தை இரவல் கொடுத்துவிட்டு, மண்ணெண்ணெய் அடுப்பின் மேல் காய்ந்த சர்க்கரைவள்ளிக் கீற்றுகளை வாட்டிக்கொண்டிருந்தார்.

நாகிசா அக்காவின் சின்ன வண்டியில் புகைக்குழாயை எஞ்சினோடு பிணைக்கும் தலையில்லாத் திருகாணிகளான ஆறு ஸ்டட்களும், பனி கரையச் சாலையில் தூவும் உப்பில் துருவேறிப் போயிருந்தன. புகை கசிந்தால் நாளைக் காலை சோதனையில் வண்டி தேறாது. துறைமுகத்தில் மீனை ஏற்றி விடுதிகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. சொந்த வண்டி இருந்தால்தான் அந்த வேலை. அங்கேயே தங்க அறைகூடப் பார்த்துவிட்டாள்.

பள்ளிக்குப் போவதை நிறுத்திய பிறகு நான் பேசுகிற ஒரே ஆள் அக்காதான். ஸ்டட் கழன்று வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டே அவளுக்கு விளக்குப் பிடித்தேன்.

ஐந்து வந்துவிட்டன. ஆறாவது முறிந்தது.

"போச்சா?" என்றார் மாமா, திரும்பிப் பார்க்காமல்.

"பாதி போச்சு. நகம் அளவுக்கு வெளிய நிக்குது."

"எண்ணெய் விட்டியா?"

"நேத்துலேர்ந்து குளிப்பாட்டுறேன் மாமா. நான்கூட இவ்ளோ குளிச்சதில்ல."

"அது தெரியுது. அப்போ மெழுகுதான். சூடு காட்டி வச்சா மரைக்குள்ள தானா இறங்கும்."

அக்கா என்னைப் பார்த்தாள். "கயோ, அப்பாவுக்கு ஏத்துற மெழுகுவத்தி எடுத்துட்டு வா. மணி அடிச்சு அவர்கிட்ட சொல்லிட்டு எடு."

வீடு பக்கத்திலேயே. பூசை அலமாரியில் அப்பாவின் படத்துக்கு முன்னால் மண்டியிட்டு மணியைத் தட்டினேன். "அக்கா வண்டிக்கு உங்க வெளிச்சம் வேணுமாம்" என்றேன். தீப்பிடிக்கும் என்று பயந்து, போன இலையுதிர் காலத்தில் அம்மா பேட்டரியில் எரியும் மெழுகுவத்தியை அங்கே வைத்திருந்தாள். நிஜமானவை கீழே இழுப்பறையில் இருந்தன. மணியோசை அடங்க வெகுநேரம் ஆனது. அது அடங்கியபோது என் கோட்டுப் பையில் ஒரு நிஜ மெழுகுவத்தி இருந்தது. கையில் பேட்டரி மெழுகுவத்தி.

அதைப் பார்த்து மாமா இருமும் அளவுக்குச் சிரித்தார். "இத வச்சுத் தேச்சா ஸ்டட்டுக்கு ஷாக்தான் அடிக்கும்."

"வேற இல்லையா?" என்றாள் அக்கா.

"இல்ல."

அவள் திட்டவில்லை. முறிந்ததைக் குடைந்தெடுக்கத் துளைக்கும் கருவியை எடுத்தாள்.

"கொஞ்சம் சாஞ்சாலும் எஞ்சின் தலையே போயிடும், பொண்ணு."

"தெரியும் மாமா."

முனையை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். பைக்குள் மெழுகுவத்தி என் உள்ளங்கைச் சூட்டில் இளகத் தொடங்கியிருந்தது.

"அக்கா, நில்லு."

நீட்டினேன். அவள் அதையும் என்னையும் பார்த்துவிட்டு, "நீயே பிடி. சொல்றப்போ தொடு" என்றாள்.

அவள் பற்றவைத்த எரிவாயு டார்ச்சின் நீலத் தீ ஸ்டட்டை நக்கியது. உள்ளே யாரோ கண் விழித்ததுபோல் அது மங்கலாகச் சிவந்தது. தீயை விலக்கி, சிவப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். "இப்போ."

தொட்டேன். மெழுகு தண்ணீராகி விளிம்பைச் சுற்றி ஓடி மறைந்தது. பட்டறை முழுக்க அப்பாவின் படம் இருக்கும் அறையின் வாசனை. அந்தத் துளைக்குள் ஒரு சின்ன வீடு இருப்பதாகவும், அங்கே விளக்கேற்றி வைத்திருப்பதாகவும் எனக்குத் தோன்றியது. அக்கா குறட்டால் பிடித்துக் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே திருப்பினாள். முனகியபடியே ஸ்டட் சுழன்று வெளியே வந்தது.

"ஏன் மறைச்ச?"

"நீ போயிடுவ."

"ஆமா. போயிடுவேன்."

மாமா எங்களைப் பார்க்காமல் ஆளுக்கொரு சூடான கீற்றைக் கையில் வைத்துவிட்டு, பனி தள்ளப் போவதாகச் சொல்லி வெளியே குனிந்து போனார்.

துளைகளைச் சுத்தம் செய்து, புது ஸ்டட்களை முதலில் விரலால் சுற்றினாள். பிறகு முனையில் இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கி, ஸ்பேனரால் வெளி நட்டைத் திருப்பி ஸ்டட்டை இறுக்கினாள். ஐந்தை அவளே போட்டாள். ஆறாவதை என்னிடம் கொடுத்தாள்.

விரலால் சுற்றினேன். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அவள் செய்ததுபோலவே நட்டுகளைப் பூட்டி, ஸ்பேனரை வைத்தேன்.

"போதுமா?"

அக்கா குனிந்து பார்த்தாள். "இன்னும் கொஞ்சம்."

இன்னும் கொஞ்சம் திருப்பினேன்.