ஹாபிக்காரி

கலைவாணி என்ற பெயரை எங்கள் வீட்டில் இப்போது யாரும் சொல்வதில்லை. நான் மட்டும் சொல்வேன், திட்டுவதற்காக. அவள் என் மாமன் மாதையனின் ஒரே மகள். மலைக்குக் கீழே ஒரு கல்லூரி விடுதியில் தங்கி பி.ஏ. கடைசி வருடம் படிக்கிறாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி வருவாள், திங்கட்கிழமை விடியற்காலையில் இறங்கிப் போவாள். நடுவில் இருக்கிற நாளில் வீட்டில் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடமாட்டாள். கேட்டால், தனக்கு ஹாபி இருக்கிறது அண்ணி என்பாள்.

ஹாபியாம். எங்களுக்கெல்லாம் மாடு இருக்கிறது, சாமைக் கொல்லை இருக்கிறது, புளி உலுக்குகிற காலத்தில் இடுப்பு ஒடிகிறது. மகாராணிக்கு ஹாபி இருக்கிறது. செல்போனில் குருவியைப் படம் பிடிப்பாள். ஏரிக்கரையில் போய் உட்கார்ந்து தண்ணீரைப் பார்ப்பாள். நாங்கள் பிறந்ததிலிருந்து பார்க்கிற அதே தண்ணீர்தான். ஒரு தடவை காவலூருக்குப் போய்ப் பெரிய தொலைநோக்கியில் சனி கிரகத்தைப் பார்த்துவிட்டு வந்து, அதற்கு வளையம் இருக்கிறது அத்தை என்று என் அம்மாவிடம் சொன்னாள். என் அம்மா குப்பம்மாளும் அவள் தட்டில் களியைப் போட்டுக்கொண்டே வாயைப் பிளந்து கேட்டாள். சனியைத் தேடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவளை நடுவீட்டில் உட்காரவைத்துச் சோறு போட்டால் வேறென்ன விளங்கும்?

அதெல்லாம்கூடப் போகட்டும். புத்தகம்தான் அவளுக்குப் பிடித்திருந்த பெரிய பேய். நடக்கும்போதும் படிப்பாள், சாப்பிடும்போதும் படிப்பாள். துக்க வீட்டுக்கு வந்தபோது மடியில் வைத்துப் படித்ததை நானே பார்த்தேன். சனிக்கிழமை ஆனால் ஜமுனாமரத்தூர் நூலகத்துக்குப் போய்ப் பழைய புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் புதிதாக எடுத்து வரவேண்டும். எங்கள் ஊருக்கு வருகிற பஸ் நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் வராது. அதனால் என் தம்பி இளவரசன் தன் பைக்கில் அவளைக் கூட்டிக்கொண்டு போவான்.

தம்பி எட்டாவதோடு நின்றவன். எழுத்து அவனுக்குக் கூடிவரவே இல்லை. பஸ் போர்டைப் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். அப்படிப்பட்டவன் இரண்டு வருடமாக நூலக வாசலில் காவல் கிடந்தான். அவள் உள்ளே புரட்டிக்கொண்டிருப்பாள், இவன் வெளியே பைக் மேல் உட்கார்ந்திருப்பான். திரும்பும்போது ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் பொழுது சாயும்வரை பேசிக்கொண்டிருப்பார்கள். அன்றைக்குக் கொல்லையில் களை எடுப்பது நான்.

ஊரே பார்த்தது. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் முறைப்பையனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து சந்தை வழியாகப் போய் வந்தால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். அந்த அர்த்தம் வேண்டாம் என்றால் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். இதை நம்பி, தம்பிக்கு வந்த இரண்டு நல்ல சம்பந்தத்தை அம்மா வாசலோடு திருப்பி அனுப்பினாள். அண்ணன் மகள் இருக்கும்போது வெளியில் எதற்கு என்றாள்.

தை மாதம் தாம்பூலத் தட்டோடு மாமா வீட்டுக்குப் போனோம். மாமாவுக்கும் மகிழ்ச்சிதான், பாயை அவரே விரித்தார். அப்போது கலைவாணி உள்ளேயிருந்து வந்தாள், விரலைப் புத்தகத்துக்குள் விட்டபடியே. தான் எம்.ஏ. படிக்கப் போவதாகவும் கல்யாணத்துக்குச் சம்மதம் என்று யாரிடமும் சொன்னதில்லை என்றும் சொன்னாள்.

"ரெண்டு வருசமா அவன் பின்னாடி குந்திக்கினு போனியே, அது இன்னா?" என்று கேட்டேன்.

"வண்டி வந்துச்சு, ஏறுனேன் அண்ணி" என்றாள்.

ஷேர் ஆட்டோக்காரனைச் சொல்வது மாதிரி சொல்கிறாள்! அவள் தலைமுடியைப் பிடித்திருப்பேன், மாமா குறுக்கே வந்துவிட்டார். மகளைத் திட்டுவார் என்று பார்த்தால், பெண் படிக்கட்டும் குப்பு, அப்புறம் பார்க்கலாம் என்று என் அம்மாவிடம் இழுத்தார். அம்மா தட்டை எடுத்துக்கொண்டு நேராக, ஊர் வழக்கைத் தீர்த்துவைக்கிற ஊர்க்கவுண்டர் சின்னதம்பி வீட்டுக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ரேஷன் கடைக்கு முன்னால் ஊர் கூடியது. நாங்கள் கேட்டது ஒன்றுதான். இந்த மாதமே பரிசம் போடவேண்டும், கல்யாணம் முடியும்வரை அவளைக் கல்லூரிக்கு அனுப்பக்கூடாது. ஆமாம், அனுப்பக்கூடாது என்றுதான் கேட்டேன், வெட்கப்படவில்லை. கவுண்டர் சொல்லிவிட்டால் மாமா மீறமாட்டார், பரீட்சையும் எம்.ஏ.வும் அத்தோடு போச்சு. அது கலைவாணிக்கும் தெரியும். அன்றைக்குத்தான் முதல் முறையாக அவளைக் கையில் புத்தகம் இல்லாமல் பார்த்தேன். துப்பட்டா நுனியைச் சுருட்டிச் சுருட்டி நின்றாள். நன்றாக நில்லு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கவுண்டர் எல்லோரையும் கேட்டுவிட்டுக் கடைசியில் தம்பியைக் கூப்பிட்டார். இந்தப் பெண் உனக்கு வாக்குக் கொடுத்தாளா, அதை மட்டும் சொல்லு என்றார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லச் சொல்லிக் காலையிலிருந்து அவன் காதில் ஓதியிருந்தேன். அவன் தரையைப் பார்த்தபடி நின்றான்.

"வாக்கு ஒண்ணும் குடுக்கலீங்க. படிச்ச கதைய ஏரிக்கரையாண்ட குந்தி எனக்குச் சொல்லும். அவ்ளோதாங்க."

கூட்டத்தில் சிரித்தார்கள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. அவன் அத்தோடு நிறுத்தினானா? கலைவாணி பக்கம் திரும்பி, வெள்ளத்தில் குதித்த படகுக்காரன் கரை ஏறினானா என்று கேட்டான். போன சனிக்கிழமை கதையை அந்த இடத்தில் விட்டிருக்கிறாள். நான் பெண் கேட்டு நிற்கிறேன், இந்தப் பைத்தியம் படகுக்காரனைக் கேட்கிறது.

கலைவாணி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை பேர் நடுவில் அவளை நிறுத்தியிருந்தோம், அந்தக் கோபமெல்லாம் முகத்தில் இருந்தது.

"செத்துட்டான் மாமா. ஆத்துலயே முழுகிட்டான்" என்றாள்.

தம்பி அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். பாவம், இந்த அளவுக்கு ஆசை வைத்திருக்கிறானே என்று, சிரித்த பெண்களே முந்தானையில் கண்ணைத் துடைத்தார்கள். கவுண்டர், வாக்கு இல்லாத இடத்தில் கட்டாயப்படுத்த முடியாது, பெண் படிக்கப் போகட்டும் என்று சொல்லி எழுந்துவிட்டார். அம்மாவால் தாங்க முடியவில்லை. கூடப் பிறந்த அண்ணன் முகத்துக்கு நேராக மண்ணை வாரித் தூற்றினாள்.

"நான் செத்தா பொறந்த வூட்டுக் கோடின்னு ஒரு துணி கொண்டாந்துடாத. எனக்கு அண்ணன் இல்ல."

மாமா மண்ணைத் தட்டிவிடாமலே நடந்து போனார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் நடுவில் பேச்சு கிடையாது, நெருப்புத் தண்ணீர் கிடையாது.

தம்பி சரியாகச் சாப்பிடுவதை விட்டான். பைக்கைத் தொடவில்லை. மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து எங்கேயோ பார்த்தபடி இருப்பான். அவனைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கலைவாணி மேல் வெறி ஏறியது. அப்படி என்னதான் அந்தப் புத்தகத்தில் வைத்து இவனை மயக்கினாள் என்று பார்க்கவேண்டும் போலிருந்தது. சந்தைக்குப் புளி கொண்டுபோன அன்றைக்கு, பிறந்ததிலிருந்து மிதிக்காத அந்த நூலகத்துக்குள் நுழைந்தேன். கலைவாணி கடைசியாகத் திருப்பிக் கொடுத்த, படகுக்காரன் கதை இருக்கிற புத்தகம் எது என்று அங்கே வேலை பார்க்கிற அம்மாவிடம் கேட்டேன். எடுத்துக் கொடுத்தார்.

செங்கல் கனம். முதலிலிருந்து படிக்க எனக்கென்ன ஹாபியா? கடைசி அத்தியாயத்தைப் பிரித்தேன். படகுக்காரன் தலை நரைத்துப்போய், கரையில் உட்கார்ந்து பேரனுக்குத் துடுப்புப் போடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தான். இரண்டு தடவை படித்தேன். அவனேதான்.

எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. மாட்டினாள் திருடி! ஊர் நடுவில் நின்று, ஆசையாகக் கதை கேட்டவனிடம் வாய் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறாள். இதைக் காட்டினால் தம்பிக்கு அவள் மேல் இருக்கிற ஆசை ஒரேயடியாக அறுந்துவிடும், அடுத்த மாதமே வேறு பெண் பார்த்துவிடலாம். அந்தப் பக்கத்தைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அம்மா அடுப்படியில் இருந்தாள். தம்பி வாசலில் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தான். அவன் முன்னால் போனை நீட்டி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துக் காட்டினேன். பார்த்தாயா உன் கலைவாணியின் யோக்கியதையை, படகுக்காரன் சாகவே இல்லை, உன்னை அழவைக்க வேண்டும் என்றே சொல்லியிருக்கிறாள் என்றேன்.

தம்பி கயிற்றைக் கீழே போட்டான். முகம் மலர்ந்துவிட்டது.

"உயிரோட கீறானா? பேரன்லாம் எடுத்துட்டானா?"

அவள் சொன்ன பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தான். இத்தனை நாளும் இந்தப் படகுக்காரனுக்காகவா அழுதாய், அவளுக்காக இல்லையா, அவளைக் கட்டிக்கொள்ள உனக்கு ஆசை இல்லையா என்று கத்தினேன்.

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான்.

"ஆசை கீதான்னு நீங்க யாரும் என்னக் கேக்கலியே அக்கா."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்று அவனையே பார்த்தாள், பிறகு மாமா வீட்டுப் பக்கம் பார்த்தாள்.