பெயர் மாற்றி ஒட்டிய வாக்குத்தத்தம்

புதுவாயல் கூட்ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சிறிய சபையில் புத்தாண்டு காலையில் வாக்குத்தத்த அட்டை கொடுப்பது வழக்கம். வேறு சபைகளில் அச்சடித்த அட்டைகளைத் தட்டில் குவித்து வைத்து, ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். இங்கே ஒவ்வொருவருக்கும் பெயர் போட்ட அட்டை. பாஸ்டர் பெயர் சொல்லிக் கூப்பிட, அவரவர் முன்னே போய், அட்டையைத் திறந்து, உள்ளே ஒட்டியிருக்கும் வசனத்தை எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்க வேண்டும். சபை ஆமென் சொல்லும். அந்த வருடத்துக்குக் கர்த்தர் அவருக்குத் தரும் வாக்கு அதுதான்.

ஆறு வருடமாக அந்த அட்டைகளைச் செய்வது கிறிஸ்டினா. பிறந்தநாள், கல்யாணநாள் என்று பெயர் போட்ட வாழ்த்து அட்டைகள் செய்து விற்பவள். தாளில் எழுத்தை வெட்டியெடுக்கும் அச்சான டை, கடையில் அவளுக்குக் கிடைத்ததெல்லாம் ஆங்கிலம். தமிழ் எழுத்துக்கு அவள் புருஷன் இம்மானுவேலே டை செய்து கொடுத்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியின் டூல் ரூமில் அவனுக்கு வேலை. மீந்த எஃகுப் பட்டையைக் கேட்டு வாங்கி வந்து, எழுத்து எழுத்தாக வளைத்து, விளிம்பைத் தீட்டி, மரக்கட்டையில் பதித்தான். தங்கநிறத் தாளின் மேல் அந்த டையை வைத்து, கைப்பிடி சுற்றும் சின்ன மெஷினுக்குள் விட்டால் எழுத்து வெட்டுப்பட்டு வரும். அதை அட்டையில் ஒட்டி மறுபடி மெஷினில் ஒரு அழுத்து அழுத்தினால், பெயர் அசையாமல் பதிந்து உட்கார்ந்துவிடும்.

இதற்கு ஒரு சட்டம் உண்டு. அதைப் போட்டவனும் இம்மானுவேல்தான். முதலில் எல்லாப் பெயரையும் முடித்துவிட வேண்டும். பிறகு வசனச் சீட்டுகளை டப்பாவில் போட்டுக் குலுக்கி, கண்ணை மூடி ஒவ்வொன்றாக எடுத்து ஒட்ட வேண்டும். எடுத்ததை மாற்றக் கூடாது. போன வருடம் தனக்குப் பொறுமையைப் பற்றிய வசனம் வந்ததென்று கிறிஸ்டினா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டபோது அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "பாத்துப் பாத்து எடுத்தா அது வாக்குத்தத்தம் இல்லடி, ஓட்டல் மெனு."

அப்படிச் சிரித்தவன் இப்போது சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் மூச்சுக் குழாயோடு கிடக்கிறான். பன்னிரண்டு நாளுக்கு முன் ஹைவேயில் லாரி இடித்துத் தூக்கிப் போட்டது. கூட இருப்பது அவன் தம்பி ஜெரால்ட். டாக்டர் நாள் குறித்துவிட்டார்: ஜனவரி இரண்டாம் தேதி மூச்சு மெஷினை எடுத்துப் பார்ப்பார்கள். தானாக மூச்சு விட்டால் பிழைத்தான்.

டிசம்பர் முப்பத்தொன்று மத்தியானம் கிறிஸ்டினா டப்பாவைக் குலுக்கினாள். நூற்றுப் பதினெட்டு பெயர், நூற்றுப் பதினெட்டு சீட்டு. அதில் சாவில்லை, பிழைப்பாய் என்று சொல்லும் சீட்டு ஒன்றே ஒன்று. அது யாருக்கு வர வேண்டும் என்று கர்த்தருக்குத் தெரியாதா என்ன? தெரியும் என்றுதான் நம்பிக்கொண்டு கண்ணை மூடினாள்.

எண்பதாவது அட்டையில் அது வந்தது. பெயரைப் பார்த்தாள். ஸ்நேகா. எதிர் வீட்டு கிரேஸின் மகள். பதினொரு வயது, இரண்டு சிறுநீரகமும் சரியில்லை, வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸ். வந்ததும் நியாயமான இடத்துக்குத்தான். கிறிஸ்டினா பல்லைக் கடித்துக்கொண்டு ஒட்டினாள்.

நூற்றுமூன்றாவது அட்டை இம்மானுவேல். கண்ணை மூடி எடுத்தாள். திறந்து பார்த்தாள். இளைப்பாறுதல் தருவேன் என்ற வசனம். நல்ல வசனம்தான், யார் இல்லையென்றது? ஆனால் அந்த வட்டாரத்தில் கண்ணீர் அஞ்சலி பேனரில், செத்தவர் படத்துக்கு மேலே, முதல் வரியாகப் போடுவது அதைத்தான்.

"மாட்டேன்," என்றாள் வாய்விட்டு. "ஒட்டமாட்டேன். இன்னா வேணா பண்ணிக்கோ."

யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும். ஒட்டிய சீட்டைப் பிரித்தால் கிழிந்துவிடும், பெயரைத்தான் மாற்ற முடியும். பிளேடை எடுத்தாள். ஸ்நேகா அட்டையின் முகப்பிலிருந்த எழுத்துகளை ஓரம் கிழியாமல் நெம்பி எடுத்தாள். இம்மானுவேல் அட்டையிலிருந்தும் எடுத்தாள். பழைய எழுத்துகள் சுருண்டுபோனதால் இரண்டு பெயருக்கும் புதிதாக வெட்ட வேண்டியிருந்தது. அவன் தீட்டிய டைகளை ஒவ்வொன்றாக வைத்துக் கைப்பிடியைச் சுற்றினாள். பிழைப்பாய் என்ற அட்டையில் புருஷன் பெயரை ஒட்டினாள். பேனர் வசனத்தை மற்றதில் ஒட்டி, அதன் முகப்பில் ஸ்நேகா பெயரை வைத்து அழுத்தினாள். முன்பு பதிந்த பள்ளம் மட்டும் போகவில்லை. தங்க எழுத்துக்கு அடியிலும் ஓரத்திலும் பழைய பெயரின் தடம் லேசாகத் தெரிந்தது. யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

பசை காய்வதற்குள் கிரேஸ் டிபன் பாக்ஸோடு உள்ளே வந்தாள். "அக்கா, காலைலேந்து நாஷ்டா கூட துன்னலியாமே? எழுந்துரு. சாப்ட்டுக்கினே வேலை பாரு."

கிறிஸ்டினா அட்டைகளின் மேல் துணியைப் போட்டு மூடினாள். "பசிக்கல கிரேஸு."

"எங்க ஸ்நேகாவுக்கு இன்னா வந்துக்கீது? இல்ல, சொல்லாத. நாளைக்கே பாத்துக்கறோம்." கிரேஸ் சோற்றைப் பிசைந்து உருட்டி அவள் வாயருகே நீட்டினாள். "பாப்பா இன்னா சொல்லுச்சு தெரியுமா? எனுக்கு நல்ல வசனம் வந்தா இம்மானுவேல் பெரியப்பாவுக்குக் குட்த்துடுவேன்னு சொல்லுச்சு. அப்டிலாம் மாத்தக் கூடாதும்மா, பெரியப்பாவே திட்டுவாருன்னு சொன்னேன். அளுதுக்கினே தூங்கிடுச்சு."

கிறிஸ்டினா அந்தக் கவளத்தை வாயில் வாங்கிக்கொண்டாள். இப்போதே சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. துணியை விலக்கினால் போதும். ஆனால் இரண்டாம் தேதி காலையில் அந்தக் குழாயை எடுக்கும்போது, பேனர் வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு எப்படி நிற்பது? தண்ணீரைக் குடித்து விழுங்கினாள். கிரேஸ் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

புத்தாண்டு காலையில் சபை நிறைந்திருந்தது. பெயர்கள் வரிசையாக வந்தன. ஸ்நேகா என்றதும் அந்தப் பெண் புது கவுனில், கையில் பிளாஸ்திரியோடு, துள்ளிக்கொண்டு முன்னே போனாள். அட்டையைத் திறந்தாள். பள்ளிக்கூடத்தில் வாசிப்பது போல நிறுத்தி நிறுத்தி, இளைப்பாறுதல் தருவேன் என்று வாசித்தாள்.

ஆமென் உடனே வரவில்லை. எல்லோரும் பேனர் பார்த்தவர்கள்தானே. பாஸ்டர் முதலில் ஆமென் சொல்ல, மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். கிரேஸ் முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டு குனிந்துவிட்டாள். ஸ்நேகாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா ஏன் அழுகிறாள் என்று பார்த்துக்கொண்டே திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இம்மானுவேல்," என்றார் பாஸ்டர். "சிஸ்டர் வந்து வாசிக்கட்டும்."

கிறிஸ்டினா எழுந்து போனாள். அட்டையைப் பிடித்திருந்த கட்டைவிரலுக்குக் கீழே பள்ளம் தட்டுப்பட்டது. அந்தக் குழந்தையின் பெயர். இது ஸ்நேகாவுடையது என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த மூச்சை இழுத்தாள். இழுத்தபோது குழாய் நினைவுக்கு வந்தது, குழாய்க்குப் பின்னால் அவன் முகம்.

சாவில்லை, பிழைப்பாய் என்று வாசித்தாள்.

"ஆமென்!" என்று சபை அதிர்ந்தது. எல்லாக் குரலுக்கும் மேலே ஒரு குரல் கேட்டது. கிரேஸ் எழுந்து நின்று, கண்ணீர் வழிய, இரண்டு கையையும் தூக்கி, தொண்டை கிழியக் கத்தினாள். "ஆமென்! எங்க அக்கா ஊட்டுக்காரர் பொழச்சுக்குவாரு! ஆமென்!"

ஸ்நேகாவும் கை தட்டினாள்.

கிறிஸ்டினா அட்டையை மூடினாள். ஆமென் சொல்ல அவளுக்கு மட்டும் வாய் வரவில்லை.