திருப்பத்தில் காத்திருப்பவன்

"இந்தத் திருப்பம் தாண்டிட்டா சமதளம்தான், எலியான்."

"போன திருப்பத்துலயும் இதையேதான் சொன்னே."

"அது வேற திருப்பம். இது நெஜமாவே கடைசி."

"எனக்கு வாந்தி வருது, ரெஜிஸ்."

"மேல போய் எடுத்துக்கோயேன். அங்கேர்ந்து பாத்தா லோத் ஆறு மொத்தமும் தெரியும்."

கல்யாணத்துக்கு முந்திய வசந்தத்தில், சைக்கிளில் மலையேறும்போது நடந்த பேச்சு. எலியான் அன்று வாந்தி எடுத்தாள், ஆற்றையும் பார்த்தாள், அந்த வருஷமே அவனைக் கட்டிக்கொள்ளவும் செய்தாள். புத்தி எங்கே போயிருந்தது என்று இப்போதும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் தன்னையே கேட்டுக்கொள்வதுண்டு.

ரெஜிஸ் கெட்டவன் இல்லை. துணி மடிப்பான், சூப் வைப்பான், மாமியாரின் காது கேட்கும் கருவிக்குப் பொறுமையாக பேட்டரி மாற்றுவான். சைக்கிளில் ஏறி உட்கார்ந்தால்தான் வேறு ஆளாகிவிடுவான். அவனுடைய கால்களுக்கு ஏற்றம் என்பதே தெரியாது. ஊர் நாய்கூட நின்று மூச்சு வாங்கும் மேட்டை "பொய்ச்சமதளம்" என்பான். பார்க்கச் சமதளம் மாதிரி இருக்கும், ஏறுவதே தெரியாதாம். அந்தப் பள்ளத்தாக்கின் சைக்கிள்காரர்கள் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிற நோய்தான் அது. இவனுக்கு முற்றிவிட்டது.

அதைவிடப் பெரிய கொடுமை ஒன்று உண்டு. அவன் முன்னால் போய் அடுத்த திருப்பத்தில் காத்திருப்பான். ஒரு காலைக் கல்சுவரில் ஊன்றி, தண்ணீர் குடித்து, காற்று வாங்கி, நன்றாக இளைப்பாறுவான். எலியான் நாக்குத் தள்ளி அங்கே வந்து சேர்ந்ததும், "வந்துட்டியா? கிளம்பலாம்" என்று மிதித்துப் போய்விடுவான். ஓய்வு முழுக்க அவனுக்கு, துரத்தல் முழுக்க இவளுக்கு. இரண்டு கோடைகாலம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு சைக்கிளைக் கொட்டகையில் தொங்கவிட்டுவிட்டு, சைக்கிள் சங்கத்தின் வேனை ஓட்டுகிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டாள். பின்தங்கியவர்களையும் பஞ்சரானவர்களையும் அள்ளிக்கொண்டு வரும் வேன் அது. சைக்கிள்காரர்கள் அதைத் துடைப்ப வண்டி என்பார்கள். ஆக, வருஷா வருஷம் கணவனுடைய முதுகைக்கூடப் பார்க்காமல், எல்லோருக்கும் கடைசியில் பெருக்கிக்கொண்டு போவது அவள் வேலையாயிற்று.

அவளுக்கு வேண்டியது மலை உச்சியும் இல்லை, பதக்கமும் இல்லை. ஆற்றோரச் சாலையில் ஒரு காலை நேரம் அவன் அவளுக்குப் பக்கத்தில், அவள் வேகத்தில் ஓட்டவேண்டும். அவ்வளவுதான். கேட்டால் மறுக்கமாட்டான், அதுதான் சிக்கல். பல் பிடுங்கப் போகிறவன் முகத்தோடு வருவான். பாதி தூரத்தில், "அந்த மேட்டை மட்டும் ஒரு தடவை ஏறிட்டு வந்துடறேன்" என்பான். அந்த முகத்தைப் பார்ப்பதைவிடக் கேட்காமல் இருப்பதே மேல் என்று ஆசையை உள்ளேயே வைத்திருந்தாள்.

மே மாதம் சங்கத்தின் பெரிய ஓட்டம் வந்தது. இரண்டு வழிகள். மஞ்சள் அம்பைப் பிடித்துப் போனால் மலைகள், பித்துப் பிடித்தவர்களுக்கானது. நீல அம்பு குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு, ஆற்றோரமாகவே போய்த் திரும்பும். முந்தின நாள் சாலையில் அம்பு வரைவது ரெஜிஸின் வேலை. சனிக்கிழமை மாலை காதுமடலில் நீலப் பெயின்ட்டோடு வீடு வந்து சேர்ந்தான்.

"நீல வழி எப்பவும் போலத்தானே?" என்று கேட்டாள் எலியான்.

"சின்னதா ஒரு மாத்தம். பாவம், அவங்களும் எத்தனை வருஷம்தான் ஒண்ணுமே இல்லாத அந்த ஆத்தோரத்தையே பாப்பாங்க?"

"என்ன மாத்தம்?"

"நாளைக்குப் பாரேன். எல்லாரும் எனக்கு நன்றி சொல்வாங்க."

ஞாயிறு காலை வேனில் பாலத்தை நெருங்கியபோது எலியானுக்கு விஷயம் புரிந்தது. வழக்கமாக நேரே போகும் நீல அம்பு, பாலம் தாண்டியதும் இடது பக்கம் திரும்பியிருந்தது. இடது பக்கம் இருப்பது ஒரே சாலை. ஊரில் அதற்கு ஏணி என்று பெயர்.

"அட கடவுளே! ஏணியையா சமதளம்னு நெனச்சுட்டான் இந்த மனுஷன்!" என்று ஸ்டியரிங்கில் ஓங்கி அடித்தாள். ஹாரன் அலறியது. மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் தலை தூக்கிப் பார்த்தன.

முதல் திருப்பத்திலேயே ஜனங்கள் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பாதிரியார் அங்கியைச் சுருட்டிக் கையில் பிடித்திருந்தார். மருந்துக் கடைக்காரரின் மனைவி வெள்ளைக் காலணியைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டியிருந்தாள். "உன் புருஷன் இன்னைக்கு என் கடைப் பக்கம் வரட்டும், எலியான். பேதி மாத்திரையைத் தலைவலி மாத்திரைன்னு குடுக்கிறேன்" என்றாள்.

"நானே வந்து வாங்கிக்கறேன். ஏறுங்க வண்டியில."

வேன் நிறைந்தது. உச்சியில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்தாள். மறுபடியும் நிறைந்தது. அதற்கும் அடுத்த முறை வந்தபோது, நடு ஏற்றத்தில் ஓர் இளம்பெண் சாலையோரப் புல்லில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். சைக்கிள் ஓடைக்குள் கிடந்தது. சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

"விழுந்துட்டியாம்மா?"

"இல்ல மேடம். தூக்கி எறிஞ்சேன்." பெண்ணின் பெயர் லூசில். பேக்கரிக்காரர் மகள். செப்டம்பரில் அவளுக்குக் கல்யாணம். "அங்க பாருங்க, நிக்கிறார் தொரை."

மேலே அடுத்த திருப்பத்தில் அவளைக் கட்டிக்கொள்ளப்போகிற பெனுவா ஒரு காலைச் சுவரில் ஊன்றி வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான்.

"லூசில்! வா, இதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல!" என்று கத்தினான்.

"போன தடவையும் அதையேதான் சொன்னே!" இவள் திருப்பிக் கத்தினாள். பிறகு எலியான் பக்கம் திரும்பி, "நான் அங்க போய்ச் சேர்ந்த உடனே கிளம்பிடுவான் மேடம். மூச்சு வாங்கக்கூட விடமாட்டான். கேட்டா, உனக்காகத்தானே காத்துக்கிட்டிருந்தேன்னு சொல்வான்" என்றாள்.

எலியானுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"நீ அவன்கிட்ட சொன்னியா?"

"எதை?"

"உனக்கு என்ன வேணும்னு."

"அவனுக்கே தெரியவேணாமா மேடம்?"

 எலியான் ஓடையில் இறங்கி சைக்கிளைத் தூக்கி வேனில் போட்டாள். லூசில் ஏறிக்கொண்டாள். பெனுவாவைக் கடக்கும்போது எலியான் ஹாரனைக்கூட அடிக்காமல் போனாள். கண்ணாடியில் பார்த்தபோது அவன் வாழைப்பழத் தோலைப் பிடித்தபடி வாய் பிளந்து நின்றிருந்தான்.

உச்சியில் மேப்பிள் மரத்தடியில் சாப்பாட்டு மேசை போட்டிருந்தது. உலர்ந்த சாசேஜ், ஆட்டுப்பால் சீஸ், வால்நட் கேக். மலை வழி முடித்து வந்த ரெஜிஸ் பீப்பாயிலிருந்து எல்லோருக்கும் எலுமிச்சைச் சாறு ஊற்றிக்கொண்டிருந்தான். முகம் மாப்பிள்ளை மாதிரி மலர்ந்திருந்தது.

"எப்படி? காட்சி பிரமாதம் இல்ல?"

சங்கத் தலைவர் அர்மான், கசாப்புக் கடைக்காரர், சாசேஜை வெட்டிய கத்தியை நீட்டினார். "எப்பா ரெஜிஸ், நீல வழியில வந்தவங்கள்ல பாதிப் பேர் வேன்லதான் வந்திருக்காங்க. என் மாமியாரும் அதுல ஒருத்தி. இனிமே வீட்ல எனக்குச் சோறு கெடைக்காது."

"அது வெறும் பொய்ச்சமதளம், அர்மான்!"

"உன் நாக்குதான் பொய்" என்றாள் மருந்துக் கடைக்காரரின் மனைவி. சிரிப்பு எழுந்தது. ரெஜிஸும் சிரித்தான். பிறகு வேனிலிருந்து இறங்கி வந்த எலியானின் முகத்தைப் பார்த்தான்.

"உனக்கென்ன கோபம்? நீ உக்காந்துக்கிட்டுத்தானே வந்தே?"

கதவைச் சாத்தப் போன எலியானின் கை நின்றது.

"ஆமா. உக்காந்துக்கிட்டுத்தான் வந்தேன். வருஷம் பூரா உக்காந்துக்கிட்டுத்தான் வரேன்."

"சும்மா சொன்னேன்ப்பா..."

"ஆத்தோரத்துல ஒண்ணுமே இல்லேன்னு சொன்னியே, கடைசியா எப்போ அந்தப் பக்கம் போனே?"

ரெஜிஸ் அடுத்த கோப்பையைப் பீப்பாயின் கீழ் பிடித்தான். 

"பழைய மதகுகிட்ட ஒரு நாரை நிக்கும். சைக்கிள் பக்கத்துல போனாக்கூடப் பறக்காது. அதுக்கப்புறம் வால்நட் தோப்பு. மத்தியானம் வரைக்கும் காத்து முதுகுப் பக்கம்தான் வீசும், மிதிக்கவே வேணாம். தேவாலயத்துக்குக் கீழ ஒரு காப்பிக் கடை, அங்க இருக்கிற பூனைக்கு மூணு கால்தான்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"நீ வேலைக்குப் போன பிறகு ஓட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். வாரா வாரம். அந்தப் பூனைக்கு என்னைத் தெரியும். உனக்குத்தான் தெரியாது."

 பெனுவா வியர்க்க வியர்க்க அப்போதுதான் வந்து சேர்ந்தான். லூசில் உதட்டில் விரல் வைத்து அவனை அடக்கினாள்.

ரெஜிஸ் கையிலிருந்த கோப்பையில் சாறு நிரம்பி விரல் வழியே வழிந்தது. "ஏன் என்கிட்ட சொல்லல? சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேனே" என்றான் மெதுவாக.

"வந்திருப்பே. எனக்கு முன்னாடி போய்க் காத்துக்கிட்டு நின்னிருப்பே. அதனாலதான் சொல்லல."

 முதல் தடவையாக அவனுக்கு மூச்சு வாங்குவது போலிருந்தது.

எலியான் வேன் சாவியை மேசைமேல் வைத்தாள்.  இனி உள்ளேயே வைத்திருந்து பிரயோஜனமில்லை.

"ரெஜிஸ், அடுத்த ஞாயித்துக்கிழமை என்கூட ஆத்தோரமா வா. முன்னாடி போகாதே, எங்கயும் நின்னு காத்திருக்காதே. என் பக்கத்துலயே ஓட்டு. நான் மெதுவாப் போனா நீயும் மெதுவா வா."